சேற்றில் ஊன்றும் கால்: உயிர்மருத்துவப் பொறியியல் ஆய்வுப் பயிற்சிக்குக் கட்டுக்கரை வைக்கும் கேள்வி

மன்னார் மாவட்டத்துக் கட்டுக்கரைக்குளத்துக்கு அருவியாற்றிலிருந்து தண்ணீர் வருகிறது. தேக்கம் அணைக்கட்டில் ஆற்றை மறித்து, வாய்க்கால் வெட்டிக் குளத்துக்குத் திருப்பியிருக்கிறார்கள். குளத்திலிருந்து பாயும் நீரில் முருங்கன், உயிலங்குளம், நானாட்டான், அடம்பன் பக்கத்து வயல்கள் விளைகின்றன. மன்னார்ப் பெருநிலத்தின் நெல்லுக்கு இந்தக் குளமே ஆதாரம். போர்க்காலத்தில் இதே மாவட்டத்து நிலங்களில் காவலரண்களும் மண் அணைகளும் எழும்பின, அவற்றைச் சுற்றி மிதிவெடிகள் புதைக்கப்பட்டன. 2009 மே மாதம் போர் முடிந்த பிறகும் மிதிவெடி அகற்றும் பணி ஆண்டுக்கணக்காக நடந்தது. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்ததே 2017 டிசம்பரில்தான். அதற்குள் காலை இழந்தவர்கள் இழந்துவிட்டார்கள். அவர்களுள் கமக்காரர்களாக இருந்தவர்களுக்கு வேறு சீவியம் இல்லை. செயற்கைக் காலோடு வயலில் இறங்குவது எப்படி என்பது அவர்களுக்கு அன்றாடக் கேள்வியாயிற்று.

இந்தக் கேள்வியை ஓர் ஆய்வுப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு, அதன் வழியே ஒரு தலைமுறைப் பொறியியலாளர்களைப் பட்டப்பின்படிப்பில் பயிற்றலாம் என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது. உயிர்மருத்துவப் பொறியியல் என்றதும் நம் மாணவர்கள் மூளை அலைகளையும் செயற்கை நுண்ணறிவையும் மருத்துவப் படிமங்களையும் நினைக்கிறார்கள். அவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் ஓர் ஆய்வாளரை ஆய்வாளராக ஆக்கும் கடினமான பயிற்சி, பிறர் வகுத்துத் தந்த பிரச்சினையைத் தீர்ப்பதில் கிடைப்பதில்லை. பிரச்சினையை மனிதர்களின் வாழ்க்கைக்குள் போய்த் தானே இனங்கண்டு, அளந்து, வகுத்துக்கொள்வதில்தான் கிடைக்கிறது. அதற்குக் கட்டுக்கரை வயலைவிடப் பொருத்தமான ஆய்வுகூடம் நமக்கு அருகில் இல்லை.

சேறு காலை என்ன செய்கிறது என்று பார்ப்போம். உழுது குழைத்த வயலில் பாதம் ஒரு சாண் அளவு புதைந்து, அடியிலுள்ள இறுகிய படையில் போய் நிற்கும். ஊன்றுவதில் பெரிய பாடில்லை, எடுப்பதில்தான் பாடு. பாதத்தைத் தூக்கும்போது அதன் அடியில் காற்றோ நீரோ உடனே புக வழியில்லை. அங்கே அழுத்தம் குறைகிறது, மேலிருக்கும் அழுத்தம் பாதத்தைக் கீழே அமுக்குகிறது. பாதத்தின் அடிப்பரப்பு ஏறக்குறைய 150 சதுர சென்ரிமீற்றர் என்று கொள்வோம். அடியிலுள்ள அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தின் பத்திலொரு பங்கு மட்டும் குறைந்தால்கூட, பாதத்தைப் பிடித்துவைக்கும் விசை 150 நியூட்டன் வரும். 15 கிலோ நெல்லை ஒவ்வோர் அடிக்கும் தூக்குவதற்கு அது சமம். உயிருள்ள கால் குதியை முதலில் கிளப்பும், விரல்களைச் சுருக்கும், பாதத்தை ஒருபுறம் சாய்த்து ஓரத்தில் காற்றுக்கு வழிவிடும். அசையாத கணுக்கால் கொண்ட செயற்கைப் பாதத்துக்கு இந்த வித்தை எதுவும் தெரியாது. ஆகவே அந்த விசை முழுவதும் எஞ்சிய காலையும் செயற்கைக் காலையும் இணைக்கும் இடத்தில் விழுகிறது. எஞ்சிய கால் பொருந்தும் அந்த உறையைப் பட்டறைகளில் சொக்கற் என்பார்கள். வியர்வையில் ஊறிய தோல் சொக்கற்றுக்குள் மேலும் கீழும் வழுக்கி உராய்ந்து புண்ணாகிறது. புண் ஆறும்வரை காலைக் கழற்றி வைக்க வேண்டும். விதைப்புக் காலத்தில் அப்படி நேர்ந்தால் அந்தப் போகமே கைவிட்டுப் போகும்.

செயற்கைப் பாதங்களைச் சோதிக்க உலகத் தரநிர்ணயங்கள் இருக்கின்றன. ஐஎஸ்ஓ 22675 என்ற தரத்தின்படி, ஒரு பாதத்தின் குதியிலிருந்து முன்பாதம்வரை சுமையேற்றி 20 இலட்சம் சுற்றுகள் ஓட்டிப் பார்க்கிறார்கள். நல்ல சோதனைதான், பாதம் முறியாது என்ற உறுதியை அது தருகிறது. ஆனால் அது தரையை மிதிக்கும் விசையைப் பின்பற்றி அமைந்தது. சேறு கீழிருந்து இழுக்கும் விசை அதில் இல்லை. நானாட்டானில் ஒருவர் ஒரு நாளில் எத்தனை முறை பாதத்தைச் சேற்றிலிருந்து பிடுங்குகிறார், ஒவ்வொரு முறையும் எவ்வளவு விசை, எந்தக் கோணத்தில், சொக்கற்றுக்குள் தோல் எத்தனை மில்லிமீற்றர் நகர்கிறது? விசையளவி ஒன்றும் சிறிய இயக்க உணரிகள் சிலவும் கொண்டு வயலிலேயே அளக்கக்கூடிய விடயங்கள் இவை. ஒரு முதுமாணி மாணவரின் ஆய்வேட்டுக்கு இது தாராளமாகப் போதும்.

இன்று உலகெங்கும் வழங்கும் செயற்கைக் கால்களின் வரலாற்றில் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய கலிபோர்னியாவுக்குப் பெரிய இடம் உண்டு. 1950களில் பேர்க்லியில் அமைந்த சாச் பாதம், உள்ளே கடினமான தண்டும் குதியில் அமுங்கும் மெத்தையும் கொண்டது. கணுக்காலில் மூட்டு இல்லை. எளிமையானது, உறுதியானது, சப்பாத்துக்குள் போட்டு நடக்க ஏற்றது. முழங்காலுக்குக் கீழே சுமையைத் தாங்கக்கூடிய இடங்களில் மட்டும் அழுத்தி, எலும்பு துருத்தும் இடங்களை விட்டுவிடும் சொக்கற் வடிவமும் அதே பத்தாண்டின் இறுதியில் அங்கேதான் பிறந்தது. அங்கே பல்கலைக்கழகத்தில் எலும்பு மருத்துவர்களும் இயந்திரப் பொறியியலாளர்களும் ஒரே மேசையில் இருந்து நடையை அளந்தார்கள். காலிழந்து திரும்பிய படைவீரர்கள் அவர்களுக்கு முன்னால் இருந்தார்கள். அவர்கள் சப்பாத்து அணிந்து சமதரையில் நடப்பவர்கள், ஆகவே பாதமும் அப்படியே அமைந்தது. அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை.

வெறுங்காலோடு வயலில் நடந்து, சம்மணமிட்டுச் சாப்பிட்டு, குந்தியிருந்து வேலைசெய்யும் மனிதர் முன்னால் வந்தபோது வேறொரு பாதம் தேவைப்பட்டது. ஜெய்ப்பூரின் சவாய் மான்சிங் மருத்துவமனையில் 1968 அளவில் அது உருவாயிற்று. எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து செய்தது. சர்மா அதிகம் பள்ளிக்கூடம் போனவர் அல்ல. மருத்துவமனையில் கொடுத்த பாரமான கால்களை மக்கள் வீட்டில் கழற்றிப் போட்டுவிடுவதை இருவரும் பார்த்திருந்தார்கள். கடற்பஞ்சு போன்ற ரப்பரும் மரமும் உள்ளே, பதப்படுத்திய ரப்பர் வெளியே என்று அவர்கள் அமைத்த பாதம் தண்ணீருக்கு அஞ்சாது, சப்பாத்துக் கேட்காது. அது மேலே மடங்கும், பக்கவாட்டிலும் சாயும். பின்னர் 1975இல் டி. ஆர். மேத்தா தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி அதை இலட்சக்கணக்கானவர்களுக்கு இலவசமாகக் கொண்டுசேர்த்தது. சேத்திக்கு 1981இல் மக்சேசே விருது கிடைத்தது.

அந்தக் கால் இலங்கைக்கும் வந்தது. 1831இல் தொடங்கிய கொழும்பு நட்புறவு உதவிச் சங்கம் 1985இல் ஜெய்ப்பூர்க் கால் பட்டறையைத் திறந்தது. யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையம், போரின் கொடிய ஆண்டுகளையெல்லாம் தாண்டி வடக்கின் மக்களுக்குக் கால் செய்து கொடுத்துவந்தது. பொருள்கள் வருவதே அரிதாயிருந்த காலத்தில் அங்கே வேலைசெய்தவர்களின் சேவைக்கு நம் சமூகம் இன்னும் உரிய மதிப்பளிக்கவில்லை என்றே நினைக்கிறேன். 2004இல் ராகமையில் செயற்கை அவயவக் கல்விக்கென ஒரு கல்லூரியும் வந்தது. ஆகவே கைத்திறனும் தொழிற்கல்வியும் நாட்டில் இருக்கின்றன. கால் செய்து கொடுப்பது பட்டறையின் வேலை. கொடுத்த கால் ஐந்தாண்டு கழித்து வயலில் நிற்கிறதா, வீட்டுச் சுவரில் சாய்ந்து கிடக்கிறதா என்று பின்தொடர்ந்து போய், ஏன் என்று கேட்டு, அளந்து, அடுத்த வடிவத்துக்கு வழிகாட்டுவது ஆய்வின் வேலை. நம்மிடம் இளைத்துக் கிடப்பது இந்த இரண்டாவதுதான்.

பட்டப்பின்படிப்பு மாணவர்கள் இத்தகைய வேலையில் என்ன சாதிக்க முடியும் என்பதற்கு ஜெய்ப்பூரே சான்று. 2008இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவக் கருவி வடிவமைப்பு வகுப்பொன்றின் மாணவர்கள், மேத்தா தொடங்கிய ஜெய்ப்பூர் நிறுவனத்தோடு சேர்ந்து முழங்கால் மூட்டு ஒன்றை வடிவமைத்தார்கள். முழங்காலுக்கு மேலே காலை இழந்தவருக்கு மூட்டு எதிர்பாராமல் மடங்கி விழுத்திவிடுவதே பெரிய ஆபத்து. நான்கு இணைப்புகள் கொண்ட பொறியமைப்பில் மூட்டின் சுழல்மையம் நடையோடு இடம் மாறும், ஊன்றும்போது உறுதியாக நிற்கும். அதை அவர்கள் எண்ணெய் ஊறிய நைலோனில், 20 டொலர் விலையை இலக்காக வைத்துச் செய்தார்கள். 2009இல் டைம் சஞ்சிகை அதை அந்த ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது பிறகு நடந்தது. வகுப்பு முடிந்தது, மாணவர்கள் பட்டம் பெற்றார்கள், மூட்டு மட்டும் முடியவில்லை. பயனாளிகளிடம் கேட்டுக் கேட்டு அதைத் திருத்தி உற்பத்திக்குக் கொண்டுபோக டி-ரெவ் என்ற தனி அமைப்பு பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. ஒரு பருவப் பாடமாக மட்டும் அமையும் பயிற்சி எங்கே நின்றுவிடும் என்பதை இதில் பார்க்கலாம்.

மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் நடந்தது இதைவிட ஆழமானது. பேராசிரியர் அமோஸ் வின்ரரின் வழிகாட்டலில் கத்ரின் ஒலெஸ்நவாஜ் என்ற கலாநிதி மாணவி, ஜெய்ப்பூர் நிறுவனத்துக்கு உகந்த மலிவான பாதத்தை வடிவமைப்பதை ஆய்வாக எடுத்தார். எடுத்தவுடனேயே அவருக்கு ஓர் அடிப்படைக் கேள்வி எழுந்தது: நல்ல பாதம் என்று எதைக்கொண்டு சொல்வது? செயற்கைப் பாதத்தின் வளையும் தன்மையை மாற்றினால் கீழ்க்கால் நகரும் பாதை எப்படி மாறும், அது இயல்பான காலின் பாதையிலிருந்து எவ்வளவு விலகும் என்பதைக் கணிக்கும் ஓர் அளவை அவர் உருவாக்கினார். விலகல் மிகக் குறைவாக இருக்கும் வடிவத்தைக் கணினியில் தேடி, ஒற்றைத் துண்டு நைலோனில் வெட்டி, இந்தியாவில் பயனாளிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு தொண்டு நிறுவனத்தின் நடைமுறைத் தேவையிலிருந்து, நடையியலுக்கே பயன்படும் ஒரு கருத்து கிடைத்தது. அந்தக் கணிப்பின் அடியில் இருந்தவை சமதரையில் நடப்பவர்களின் தரவுகள். சேற்று நடைக்கு அதே வழிமுறையைக் கொண்டுபோக வேண்டுமானால் சேற்று நடையின் தரவுகள் வேண்டும். கட்டுக்கரையில் ஒரு கலாநிதி மாணவர் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

சென்னை ஐஐடியில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் வழிநடத்தும் மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையம் நமக்கு மொழியாலும் தட்பவெப்பத்தாலும் இன்னும் நெருக்கமானது. அங்கு உருவாகி 2022இல் வெளியான ‘கதம்’ என்ற முழங்கால் மூட்டைப் பெங்களூரின் மொபிலிற்றி இந்தியா தயாரிக்கிறது. ஆய்வேடுகளாகத் தொடங்கிய வேலைகள் உற்பத்திவரை போவதற்கு மாணவர்களை மட்டும் நம்பாமல், பொறியியலாளர்களும் தயாரிப்பாளர்களும் சேவை நிறுவனங்களும் அந்த மையத்தோடு தொடர்ந்து இணைந்திருக்கிறார்கள்.

ஆனாலும் தெற்காசியாவில் உயிர்மருத்துவப் பொறியியல் ஆய்வுப் பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது திருவனந்தபுரத்தின் கதையைத்தான். வாதக்காய்ச்சலால் இதயத் தடுக்கிதழ் கெட்டுப்போன இளம் வயதினர் ஏராளமாக வந்துகொண்டிருந்த காலம். இறக்குமதித் தடுக்கிதழின் விலை அவர்களுக்கு எட்டாதது. அங்குள்ள சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் தலைவராயிருந்த அறுவைச்சிகிச்சை நிபுணர் எம். எஸ். வலியத்தான், தடுக்கிதழை உள்நாட்டிலேயே செய்வது என்று முடிவெடுத்தார். பொறியியலாளர் ஜி. எஸ். புவனேஸ்வர் அந்த வேலையில் முன்நின்றார். இதயம் ஆண்டுக்கு ஏறக்குறைய 3 கோடியே 80 இலட்சம் தடவை துடிக்கிறது. அத்தனை தடவையும் திறந்து மூடி, இரத்தத்தை உறையவிடாமல், தேயாமல், முறியாமல் இருக்க வேண்டும். முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. ஒவ்வொரு தோல்விக்கும் காரணத்தைத் தேடி, பொருளை மாற்றி, வடிவத்தை மாற்றி, சோதனைப் பொறிகளையும் தாங்களே அமைத்து, செம்மறியாடுகளில் பொருத்திப் பார்த்து, மறுபடி தொடங்கினார்கள். கோபால்ற் கலப்புலோகக் கூட்டுக்குள் மிக உயர்ந்த மூலக்கூற்று நிறை கொண்ட பொலித்தீன் வட்டு சாயும் நான்காவது மாதிரி வென்றது. 1990 டிசம்பர் 6ஆம் திகதி அது முதன்முறையாக ஒரு மனிதரின் இதயத்தில் பொருத்தப்பட்டது. அதன்பின் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதைப் பெற்றிருக்கிறார்கள்.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? மருத்துவமனை, பொருளறிவியல் ஆய்வுகூடம், விலங்குச் சோதனை, பட்டறை எல்லாம் ஒரே நிறுவனத்துக்குள் இருந்தன. 1980ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய முக்கியத்துவ நிறுவனமாகி, பட்டம் வழங்கும் தகுதியையும் அது பெற்றது. தடுக்கிதழ் ஏன் முறிந்தது என்று ஆராயும் மேசைக்கு அருகிலேயே மாணவர்கள் ஆய்வு பயின்றார்கள். பின்னாளில் சென்னை ஐஐடி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, சித்திரைத் திருநாள் நிறுவனம் ஆகிய மூன்றும் சேர்ந்து மருத்துவமனைசார் பொறியியலில் முதுநிலைப் பட்டப்படிப்பைத் தொடங்கியபோது, இந்தப் பழக்கத்தையே பாடத்திட்டமாக்கினார்கள். பொறியியல் பட்டதாரி வைத்தியசாலைக்குள் போய், மருத்துவரோடும் தாதியோடும் நோயாளியோடும் இருந்து, எது வேலைசெய்யவில்லை என்பதைப் பார்த்துவிட்டுத் தன் ஆய்வுத் தலைப்பைத் தெரிகிறார். கல்வியின் வரிசையில் இது சிறிய மாற்றமாகத் தோன்றலாம். என் மதிப்பில் முழுப் பயிற்சியும் இந்த வரிசையில்தான் தங்கியிருக்கிறது.

இலங்கையில் மொரட்டுவைப் பல்கலைக்கழகமும் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகமும் உயிர்மருத்துவப் பொறியியலை இளமாணிப் பட்டமாகக் கற்பிக்கின்றன. அங்கிருந்து வெளிவரும் திறமையான மாணவர்களில் பலர் மேற்படிப்புக்காக வெளிநாடு போகிறார்கள். போவதைத் தடுக்கவும் முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் அங்கே ஆய்வு செய்யும் பிரச்சினை அங்கத்தைய நோயாளியின் பிரச்சினையாக இருப்பது இயற்கை. நம் பிரச்சினையைக் கையில் எடுத்துச் செல்லும் மாணவர் வேண்டுமென்றால் அதை இங்கேயே முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும்.

வடக்கில் அதற்கான உறுப்புகள் தனித்தனியே இருக்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியது. அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஜெய்ப்பூர் நிலையம் யாழ்ப்பாணத்தில், மாவட்டப் பொது வைத்தியசாலை மன்னாரில். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரி வழியாக மன்னாருக்கு வருவது சிரமமில்லை. இவற்றில் எதுவும் கட்டுக்கரையிலிருந்து ஓர் அரைநாள் பயணத்துக்கு மேல் தூரமில்லை. பொறியியல் பீடத்திலிருந்து ஒரு மேற்பார்வையாளர், மருத்துவ பீடத்திலிருந்து ஒருவர், பட்டறையில் ஆண்டுக்கணக்காகக் கால் செய்த அனுபவம் கொண்ட தொழில்நுட்பவியலாளர் ஒருவர் என்று மூவர் ஒரு மாணவருக்கு வழிகாட்டலாம். மூன்றாமவரின் பெயர் நன்றியுரைப் பக்கத்தோடு நின்றுவிடாமல், மேற்பார்வைக் குழுவிலேயே இருக்க வேண்டும். ஜெய்ப்பூர்ப் பாதத்தில் சர்மாவின் பங்கு எவ்வளவு என்பதை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

ஆய்வுக்கு எடுக்க வேண்டிய கேள்விகளும் காலத்தோடு மாறுகின்றன. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இருபது வயதில் மிதிவெடியில் சிக்கியவர் இன்று ஐம்பதைத் தாண்டியவர். முப்பது ஆண்டாக உடலின் பாரத்தை அதிகமாகச் சுமந்த நல்ல காலின் முழங்காலில் இப்போது தேய்மானம். எஞ்சிய காலின் தசை மெலிந்து சொக்கற் தளர்ந்துவிட்டது. நீரிழிவும் சேர்ந்தால் தோலின் உணர்ச்சி மங்கும், புண் இருப்பதே தெரியாமல் போகும். நீரிழிவாலேயே காலை இழக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களின் தோலுக்கும் இரத்த ஓட்டத்துக்கும் போர்க்காலத்து இளைஞருக்குச் செய்த சொக்கற் ஒத்துவராது. இன்னொரு பக்கம் தண்ணீர். அருவியாறு அநுராதபுரத்தைக் கடந்து வருகிறது. காரணம் இன்றுவரை விவாதத்தில் இருக்கும் சிறுநீரக நோய் 1990களில் முதலில் கவனத்துக்கு வந்தது அந்த வடமத்திய மாகாணத்துக் கமக்காரர்களிடம்தான். அந்த நோய் முற்றியவர்களுக்குச் செய்யும் இரத்தச் சுத்திகரிப்பில் நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றர் கரைசல் ஓடினால் நான்கு மணித்தியாலத்துக்கு 120 லீற்றர் மிகத் தூய நீர் வேண்டும், வாரம் மூன்று முறை. கடினநீர் கொண்ட வரண்ட பிரதேசத்தில் அந்த நீரைச் சுத்திகரித்து, கண்காணித்து, பொறியைப் பழுதின்றி ஓட்டுவது முழுக்க உயிர்மருத்துவப் பொறியியலின் பொறுப்பு. அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதலாம். ஆனால் பங்குபெறும் கமக்காரரிடம் சம்மதம் கேட்கும் படிவமும், அவர் வலியை விவரிக்கும் நேர்காணலும், முடிவில் அவருக்குத் திருப்பிச் சொல்லும் அறிக்கையும் அவருடைய தமிழில் இருக்க வேண்டும். சொக்கற்றுக்குள் ‘கடுக்கிறது’ என்பதற்கும் ‘எரிகிறது’ என்பதற்கும் ‘விறைக்கிறது’ என்பதற்கும் காரணங்கள் வேறு, திருத்தமும் வேறு. மானிப்பாயில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலை மருத்துவத்தையே தமிழில் கற்பித்து, நூல்களையும் தமிழாக்கிய மண் இது. ஆய்வுப் பயிற்சிக்குத் தமிழ் தடையாக இருக்கும் என்று இங்கே யாரும் சொல்ல முடியாது.

ஆகவே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், மருத்துவ பீடங்களிடம் ஒரு வேண்டுகோள். புதிய கட்டடமோ பெரிய நிதியோ வரும்வரை காத்திருக்க வேண்டாம். முதலாவது ஆண்டில் இரண்டு முதுமாணி மாணவர்கள் போதும். ஒருவர் சேற்று நடையின் விசைகளை அளக்கட்டும், மற்றவர் மன்னார் மாவட்டத்தில் செயற்கைக் கால் பெற்றவர்களைத் தேடிச் சென்று எந்தக் கால் எத்தனை ஆண்டு பாவிக்கப்பட்டது, ஏன் கைவிடப்பட்டது என்று பதிவுசெய்யட்டும். புலம்பெயர்ந்த நாடுகளில் இத்துறையில் பணிபுரியும் நம் பொறியியலாளர்கள் இணை மேற்பார்வைக்கு முன்வரட்டும். காலபோகத்துக்கு வயல் உழத் தொடங்கும்போது அந்த மாணவர்கள் உயிலங்குளத்தில் நிற்க வேண்டும்.